தேம்பாவணியில் மாற்றமும் ஏற்பும்



வாழ்வில் நேரும் மாற்றங்களைக் கிறித்தவ நம்பிக்கையின்வழி ஏற்றுக்கொள்ளுதல் என்னும் பொருள்பற்றிப் பேசவேண்டும் என்று வட்டத்தின் செயலாளர் பணித்தபோது, இது மறையுரைக்குரிய பொருளாயிற்றே, தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்றுதான் முதலில் தோன்றிற்று. பிறகு எண்ணிப் பார்க்கையில், இப்பொருளையே பாடுபொருளாகக் கொண்ட பெருங்காப்பியம் ஒன்று தமிழில் இருப்பது நினைவுக்கு வந்தது. தாம் வகுத்த வாழ்க்கைத் திட்டம் ஒவ்வொரு முறையும் கலைந்துபோக, கலைந்த இடத்திலிருந்தே மீண்டும் எழுந்து நடந்த மனிதர் ஒருவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது அந்நூல். வீரமாமுனிவரின் தேம்பாவணியைத்தான் கூறுகிறேன்.

மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். நூலின் விரிவு இது. இதன் தலைவரோ நாசரேத்தூர்த் தச்சரான சூசையப்பர். காப்பிய இலக்கணம் கற்றவர்கள் இத்தேர்வைக் கண்டு சற்றே வியக்கவேண்டும். தன்னேரில்லாத் தலைவன் என்றால் முடியும் படையும் வெற்றியும் உடையவனாக இருத்தல் மரபு. இவருக்கு அரசும் இல்லை, போரும் இல்லை. அதனினும் வியப்பு, விவிலியத்தின் நற்செய்தி நூல்கள் நான்கிலும் இவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. ஒரு சொல்லும் பேசாத ஒருவரைப்பற்றி 3615 பாடல்கள் பாட முனிவரால் முடிந்திருக்கிறது. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் பெருகுதல், வளர்தல் என்னும் கருத்துடையது. ஆகவே அவருக்கு ‘வளன்’ என்று அழகிய தமிழ்ப்பெயர் சூட்டினார். முனிவரின் இத்தாலியப் பெயரிலும் சூசேப்பே என்னும் அதே பெயர் உண்டு என்பதை ஆய்வாளர்கள் பலரும் ஏனோ பெரிதாகக் கருதுவதில்லை. தம் பெயருக்குரியவரின் வரலாற்றையே அவர் பாடினார்.

முனிவரின் வாழ்வும் மாற்றங்களால் ஆனதே. 1680இல் வட இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். முப்பது வயதை எட்டிய நிலையில் இந்தியக் கரையை அடைந்தவர். உணவும் உடையும் மாறின. பெயரும் இருமுறை மாறிற்று. பெஸ்கி தைரியநாதர் ஆனார். தைரியநாதர் வீரமாமுனிவர் ஆனார். முப்பது வயதுக்குமேல் ஒரு புதிய மொழியின் எழுத்தறியத் தொடங்கிய ஒருவர், அம்மொழியின் எழுத்தையே திருத்தும் அளவுக்கு வளர்ந்தார். ஏகார ஓகார நெடில்களின் இன்றைய வடிவத்துக்கு அவர் செய்த தொண்டை நாம் நாள்தோறும் எழுதும்போது பயன்கொள்கிறோம். இவற்றையெல்லாம் விரித்தால் வேறொரு சொற்பொழிவாகிவிடும். நம் பொருளுக்கு வருகிறேன்.

சூசையப்பர் வாழ்வில் நேர்ந்த மாற்றங்கள் யாவை? தேம்பாவணியின்படி, இளமையிலேயே துறவறம் பூண்டு வாழ உறுதிகொண்டவர் அவர். ஆனால் கோயிலில் அவர் கையிலிருந்த கோல் பூத்தது. மரியன்னைக்குரிய மணமகன் அவரே என்று அறிவிக்கப்பட்டது. துறவை விரும்பியவர்க்கு இல்லறம் வந்து வாய்த்தது. இதனை முனிவர் எவ்வாறு தீர்க்கிறார் என்பதை, படலத்திற்கு அவர் இட்ட பெயரே கூறும்: ஈரறம் பொருத்து படலம். இல்லறத்தையும் துறவறத்தையும் ஒன்றோடொன்று பொருத்துதல். பொருத்துதல் என்பது தச்சர் தொழிற்சொல்லுமாகும். இரு மரத்துண்டுகளில் ஒன்றை எறிந்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வது பொருத்துதல் ஆகாது. இரண்டையும் செதுக்கி, ஒன்றன் புழையில் மற்றதன் முனை அமரச்செய்வதே பொருத்துதல். வந்த மாற்றத்துக்காகத் தம் பழைய உறுதியை அவர் கைவிடவில்லை. பழைய உறுதிக்காக வந்த மாற்றத்தைப் புறக்கணிக்கவுமில்லை. இரண்டையும் செதுக்கினார்.

அடுத்து வந்தது இதனினும் கடியது. மணம் உறுதியான மரியாள் கருவுற்றிருப்பது தெரியவருகிறது. மத்தேயு நற்செய்தி இதனை ஓரிரு வரிகளில் கூறி முடித்துவிடுகிறது. சூசை நேர்மையாளர், மரியாளை இகழ்ச்சிக்குள்ளாக்க விரும்பாமல் மறைவாக விலக்கிவிட எண்ணினார், எண்ணிக்கொண்டிருக்கையில் கனவில் வானதூதர் தோன்றினார் என்பது அதன் செய்தி. முனிவரோ அந்த ஓரிரு வரிகளுக்கு ஐயந்தோற்று படலம் என்று ஒன்றும், ஐயநீங்கு படலம் என்று மற்றொன்றுமாக இரு படலங்களை ஒதுக்குகிறார். ஏன்? புனிதர் ஒருவரின் ஐயத்தை விரித்துரைக்கப் பக்திநூல் ஆசிரியர் எவரும் தயங்குவர். விரைந்து கனவுக்குச் சென்றுவிடலாம் என்றே தோன்றும். முனிவர் அவ்வாறு விரையவில்லை. ஐயம் ஒரு படலம் அளவு நீண்டிருக்கவேண்டும் என்று கருதினார். நம்பிக்கை உடையவர் மாற்றத்தை எதிர்கொள்ளும்போது உடனே தலையசைத்துவிடுவர் என்று நாம் கொண்டிருக்கும் எண்ணத்தை இப்படலம் உடைக்கிறது. நீதிமான் என்று விவிலியமே புகழ்ந்தவர் உறங்காமல் புரண்டிருக்கிறார், விலகிச்செல்லவும் எண்ணியிருக்கிறார். அந்த எண்ணத்தின் நடுவேதான் கனவு வருகிறது.

மூன்றாவது மாற்றம், குழந்தையோடும் தாயோடும் எகிப்துக்கு ஓடவேண்டியது. ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடுகிறான். இரவோடிரவாகப் புறப்படுகிறார்கள். தேம்பாவணியில் பைதிரம் நீங்கு படலம் இதனைப் பாடுகிறது. பைதிரம் என்றால் நாடு. நான்காவது, ஏரோது இறந்தபின் திரும்பிவருதல். இங்கே நான் மிகவும் விரும்பும் ஓர் இடம் உண்டு. யூதேயாவில் ஏரோதின் மகன் அர்க்கெலா ஆள்கிறான் என்று கேள்விப்பட்டதும் அங்கே செல்லச் சூசை அஞ்சினார் என்று மத்தேயு வெளிப்படையாக எழுதுகிறார். பிறகு கனவில் எச்சரிக்கப்பெற்றுக் கலிலேயாவுக்குச் சென்றார். முதலில் அச்சம், பிறகு கனவு. அவர் அஞ்சியதை யாரும் கண்டிக்கவில்லை. அச்சம் சுட்டிய திசையையே கனவும் உறுதிப்படுத்துகிறது.

இங்கே அன்பர்கள் ஒரு வினா எழுப்பலாம். மாற்றத்தை ஏற்றல் தமிழர்க்குப் புதிதா? புறநானூற்றின் 192ஆம் பாடல் இருக்கிறதே. உயிர் ஆற்றுவெள்ளத்தில் செல்லும் தெப்பம்போல முறைவழிச் செல்லும் என்று கணியன் பூங்குன்றனார் உணர்த்தியிருக்கிறாரே. இடுக்கணழியாமை என்று 63ஆம் அதிகாரத்தைத் திருவள்ளுவர் வைத்திருக்கிறாரே என்று கேட்கலாம். முறையான கேள்விதான். இவ்விரண்டையும் நான் வகுப்பில் விரும்பிக் கற்பிக்கிறேன். எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் கூடாது. தெப்பம் ஆற்றோடு முறையிடாது. துன்பத்தைக் கண்டு நகையாடச் சொல்கிறது குறள். நகையாடும் ஆற்றல் உள்ளவர்க்கு அது பெருந்துணை. கிறித்தவ நம்பிக்கையில் ஏற்றல் என்பது ஒருவரிடம் பேசுவது. ஊழிடம் யாரும் ‘ஏன்’ என்று கேட்பதில்லை, இறைவனிடம் கேட்கலாம். யோபு கேட்டார். திருப்பாடல்களின் ஆசிரியர்கள் கேட்டார்கள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு பெருமானே, இத்துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று மும்முறை வேண்டினார். உம் விருப்பப்படியே ஆகட்டும் என்னும் சொல் அந்த வேண்டுதலின் முடிவில் வருவது. முன்பகுதியை வெட்டிவிட்டு முடிவை மட்டும் பிறர்க்கு வழங்குவதுதான் நம்மிடையே நிகழ்கிறது.

‘ஆண்டவர் சித்தம்’ என்னும் தொடரை நான் இளமைமுதல் கேட்டு வளர்ந்தேன். நல்ல தொடர். ஆனால் அதனைச் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். துன்புற்றவர் தம் வாயால் சொன்னால் அது நம்பிக்கை. துன்பமில்லாதவர் துன்புற்றவரிடம் சொன்னால் அது பெரும்பாலும் வாயடைப்பு. அதிலும் இத்தொடர் பெண்களிடமே மிகுதியாகச் சொல்லப்படுவதைப் பெண்ணாகிய நான் சொல்லாமல் விட்டால் வேறு யார் சொல்வது?

என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் திருமணமாகி வேற்றூரில் வாழ்ந்தார். கணவர் குடிப்பவர், அடிப்பவர். சபைப் பெரியவர்கள் சிலர் வீட்டுக்கு வந்து செபித்துவிட்டு, உனக்கென்று கொடுக்கப்பட்ட சிலுவையைச் சுமந்துகொள் அம்மா என்று சொல்லிச் சென்றார்களாம். ஒருநாள் இரவு, கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு அவர் தாய்வீடு வந்து சேர்ந்துவிட்டார். ‘ஏற்றுக்கொள்ளும் பக்குவம் இல்லாத பெண்’ என்று பேச்சு எழுந்தது. பிறகு ஒருநாள் அவர் என் வீட்டுக்கு வந்து, ‘அம்மா, நான் செய்தது விசுவாசக் குறைவா?’ என்று கேட்டார். நான் எழுந்துபோய் மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சூசையப்பர் செய்ததும் அதுதானே! இரவில் எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, எல்லை தாண்டினார். ஏரோதின் வாளுக்குக் கழுத்தை நீட்டுவது இறைத்திட்டத்தை ஏற்பதாகும் என்று அவருக்கு எந்த வானதூதரும் சொல்லவில்லை. இறைவன் விருப்பத்தை ஏற்றவர், அதனாலேயே ஏரோதின் விருப்பத்தை ஏற்க மறுத்தார். இவ்விரண்டையும் பிரித்தறியாத ஏற்பு கொடியவர்க்குத்தான் பயன்படும்.

எதனை ஏற்பது, எதனை விட்டு ஓடுவது என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று. நோய், முதுமை, இறப்பு, கடற்பேரழிவு முதலியன ஓடியும் தப்ப இயலாதவை. அவற்றின்முன் ஏற்பது எவ்வாறு?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டுபோன நாள். கிறிஸ்துமசுக்கு மறுநாளாகிய அந்த ஞாயிறு கத்தோலிக்கத் திருவழிபாட்டில் திருக்குடும்ப விழாவாக இருந்தது. அன்று ஆலயங்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி எது தெரியுமா? திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடிய பகுதி. மத்தேயு இரண்டாம் அதிகாரம், 13முதல் 15வரை, பிறகு 19முதல் 23வரை. இடையில் மூன்று வசனங்கள் விடப்பட்டிருக்கும். விடப்பட்டவை, பெத்லகேமில் ஏரோது குழந்தைகளைக் கொன்றதும், அதன்பொருட்டு இராகேல் அழுததாக இறைவாக்கினர் எரேமியாவின் வாக்கை மத்தேயு எடுத்துக்காட்டுவதும் ஆகும். அந்த இராகேல் தன் மக்களுக்காக அழுகிறாள். ஆறுதல் பெற மறுக்கிறாள். ஒரு விழாநாளில் குழந்தைக் கொலையை வாசிக்கவேண்டாம் என்று திருவழிபாட்டு நூலை அமைத்தவர்கள் கருதியிருக்கலாம். மேலும் மாசில்லாக் குழந்தைகளுக்கென்று டிசம்பர் 28இல் தனி விழா உண்டு. ஆயினும் அந்த ஆண்டு, வாசிக்காமல் விடப்பட்ட மூன்று வசனங்களும் அன்று முற்பகலே நம் கடற்கரையில் நிகழ்ந்தன.

அப்போது நான் ஆய்வு மாணவி. சில நாள்களுக்குப் பிறகு, துணிமணிகளும் பாத்திரங்களும் கொண்டுசென்ற குழு ஒன்றோடு குமரி மாவட்டக் கடற்கரையூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். இரு பிள்ளைகளையும் இழந்த ஒரு தாய், பள்ளிக்கூடத் திண்ணையில் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். உண்ணவில்லை, பேசவில்லை, அழவுமில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஏதேனும் சொல்லிச் சென்றார்கள். கடவுள் கொடுத்தார், கடவுள் எடுத்துக்கொண்டார் என்றார் ஒருவர். அவர்கள் இப்போது வானதூதர்களோடு இருக்கிறார்கள் என்றார் மற்றொருவர். எல்லாம் விவிலியம் கற்றவர் சொற்களே. அத்தாய் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. மாலையில் அவ்வூர் மூதாட்டி ஒருவர் மெல்ல நடந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘அழு மக்களே, அழு’ என்று சொல்லித் தாமே ஒப்பாரி தொடங்கினார். இரண்டு பிள்ளைகளின் பெயரையும் மாறிமாறி வைத்துப் பாடினார். மூன்றாவது நான்காவது அடியில் அந்தத் தாயின் குரலும் சேர்ந்துகொண்டது. அன்றிரவு அவர் சிறிது கஞ்சி குடித்தார் என்று மறுநாள் சொன்னார்கள்.

ஒப்பாரி நம்பிக்கையற்றவர் பழக்கம், கிறித்தவ வீட்டில் கூடாது என்று கடிந்துகொள்ளும் உபதேசிமார்களை நான் என் பாட்டி காலத்தில் கண்டிருக்கிறேன். என் பாட்டியே ஒருமுறை அவ்வாறு தடுக்கப்பட்டார். பூட்டிய அறைக்குள் சென்று பாடிவிட்டு வந்தார். இக்கடிதலுக்கு விவிலியத்தில் சான்று தேடினால் எளிதில் கிடைக்காது. புலம்பல் என்றே ஒரு நூல் அதில் இருக்கிறது. இலாசரை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு பெருமான் அவர் கல்லறையருகே கண்ணீர் விட்டார். கணவனையும் இரு மைந்தரையும் மோவாபு நாட்டில் புதைத்துவிட்டுத் திரும்பிய நகோமி, ஊர்ப்பெண்களிடம் தன்னை இனி அப்பெயரால் அழைக்கவேண்டாம், கசப்பு என்னும் பொருள்பட மாரா என்றே அழையுங்கள் என்றாள். நகோமி என்றால் இனிமை. தன் பெயரையே கசப்பாக மாற்றிக்கொண்ட அம்மூதாட்டியை விவிலியம் திருத்தவில்லை, ஊர்ப்பெண்களும் திருத்தவில்லை. அவள் மருமகள் ரூத்து மறுவார்த்தை பேசாமல் கதிர் பொறுக்கப் போனாள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாது அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாக இருந்தார்கள். வாய்திறந்து விளக்கத் தொடங்கியதும் கெட்டது. இறுதியில் இறைவன் சினந்தது அவர்கள்மீதே; முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்பது தீர்ப்பு.

வீரமாமுனிவர் இதனை நன்குணர்ந்திருந்தார் என்பதற்குத் தேம்பாவணியில் கருணையன் புலம்பலே சான்று. கருணையன் என்பது திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் இட்ட பெயர். கடவுள் கருணையுடையவர் என்னும் எபிரேயப் பொருளைத் தழுவியது. காட்டில் தாய் எலிசபெத்தோடு வாழ்ந்துவரும் அச்சிறுவன், அங்கேயே தாயை இழக்கிறான். உற்றார் இல்லை, ஊரார் இல்லை. குழியில் மலர்களைப் பரப்பி, தாயின் உடலைக் கிடத்தி, மேலும் மலர்களைப் பெய்து மூடும் பிள்ளையின் வாய்மொழியாக முனிவர் பாடும் பாடல்களைப் பள்ளிப் பாடநூலில் பயின்ற மாணவர் பலர் இவ்வவையில் இருப்பீர்கள். பிழைக்கும் வழி அறியேன், உணவு தேடும் வகை அறியேன், காட்டில் செல்லும் நெறி அறியேன் என்று அறியாமைகளை அடுக்கி அழுகிறான் அவன். மரமும் பறவையும் வண்டும் அவனோடு சேர்ந்து அழுகின்றன.

இது நம் கையறுநிலைத் துறை அன்றோ! பாரி இறந்தபின் கபிலரும், தந்தையை இழந்த பாரிமகளிரும் பாடிய அதே துறை. கையறுதல் என்பது செயலற்றுப்போதல். செய்வதற்குக் கை இல்லாதுபோதல். ஏசு சபைத் துறவியான ஓர் இத்தாலியர், இறைவாக்கினருள் பெரியவர் என்று விவிலியம் போற்றும் யோவானின் வாயில், தம் திருச்சபையின் மன்றாட்டு ஒன்றை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. தமிழ்ப் பெண்களும் புலவர்களும் நூற்றாண்டுகளாகப் பாடிவந்த கையறுநிலையை வைத்தார். எதிர்காலத்தில் மன்னனையே இடித்துரைக்கப்போகும் வீரர் அச்சிறுவர். அவர் வீரத்துக்கு இழுக்காகும் என்று முனிவர் தயங்கவில்லை. என் முனைவர் பட்ட ஆய்வின்போது இப்பகுதியை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணிச் சொல்ல இயலாது. படிக்கும்தோறும் அந்தப் பள்ளிக்கூடத் திண்ணைதான் கண்முன் வரும். தேம்பாவணி என்பதற்கு வாடாத மாலை என்றும், தேன்போன்ற பாக்களால் ஆன அணி என்றும் இருவகையாகப் பொருள் கூறுவர். தேம்புதலுக்கு விம்மியழுதல் என்றும் பொருளுண்டே என்று நான் சொன்னபோது என் நெறியாளர் சிரித்தார். ஆய்வேட்டில் எழுதவேண்டாம் என்றும் சொன்னார். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

அழுதபின் என்ன செய்வது? எகிப்தில் எவ்வளவு காலம் இருக்கவேண்டும் என்று சூசையப்பருக்குச் சொல்லப்படவில்லை. மீண்டும் சொல்லும்வரை அங்கேயே இரு என்பது மட்டுமே கட்டளை. முடிவு தெரியாத காத்திருப்பு மனிதரை மிகவும் வாட்டுவது. மருத்துவமனைத் தாழ்வாரங்களில் இரவு கழித்தவர்களுக்கு இது விளங்கும். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யூதர்க்கும் இந்நிலையே நேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவீர்கள் என்று அனனியா என்னும் இறைவாக்கினன் ஊரறியச் சொன்னான். எரேமியா அதனைக் கேட்டு, அப்படியே ஆகட்டும், ஆண்டவர் அவ்வாறே செய்யட்டும் என்றுதான் முதலில் சொன்னார். அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. ஆனால் உண்மை அதுவன்று என்று தெரிந்தபின், நாடுகடத்தப்பட்டவர்களுக்கு ஒரு மடல் எழுதினார். எழுபது ஆண்டு ஆகும். வீடு கட்டுங்கள், தோட்டம் நட்டு அதன் கனியை உண்ணுங்கள், பெண்கொடுத்துப் பெண்ணெடுங்கள், உங்களைச் சிறைகொண்ட அந்நகரத்தின் நலனுக்காகவே மன்றாடுங்கள் என்பது அம்மடலின் சாரம். ஆறுதல் மடல் என்று பார்த்தால் இது கொடிய மடல். எழுபது ஆண்டு என்றால், படிப்பவர் பெரும்பாலோர் திரும்பப் போவதில்லை என்று பொருள். ஆனால் இரண்டாண்டு என்று நம்பி மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஒரு மரமும் நட்டிருக்கமாட்டார்கள். பொய்யான நம்பிக்கை எப்படி ஒருவரை வாழவிடாமல் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

நம் நாட்டுச் சான்று ஒன்றும் கூறவேண்டும். நெல்லைச் சீமையில் 1827இல் வைணவக் குடியில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை. சமயம் மாறுதல் அக்காலத்தில் எத்தகைய மாற்றம் என்பதை இன்று நாம் முழுமையாக உணர்வது அரிது. பந்தி மாறும், உறவு மாறும், பிறந்த வீட்டில் நுழையும் உரிமையே ஐயத்துக்குரியதாகும். அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியம் நூலாக வெளிவந்தது 1894இல். திருமுழுக்குக்கும் காப்பியத்துக்கும் இடையே 36 ஆண்டுகள். இந்த இடைவெளியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஜான் பன்யன் என்னும் ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதையைத் தழுவியதே அந்நூல்; ஆனால் அதன் நடை கம்பனின் நடை, அதன் இடையிடையே தேவாரமென்று பெயரிட்ட இசைப்பாடல்கள். புதிய நம்பிக்கையை ஏற்றவர் பழைய தமிழைத் தூக்கி எறிந்திருந்தால் இந்நூல் இல்லை. கம்பனை மட்டும் போற்றிக்கொண்டு மாற்றத்தை மறுத்திருந்தாலும் இல்லை. முன்பு சொன்ன பொருத்துதல்தான் இது. மரம் காய்வதற்கு 36 ஆண்டுகள் ஆயின. ஒருவர்க்குத் துன்பம் வந்த மறுமாதமே ‘இன்னுமா நீ அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?’ என்று கேட்பவர்கள் இக்கணக்கை நினைவிற்கொண்டால் நன்று.

தேம்பாவணிக்கே திரும்புகிறேன். எகிப்திலிருந்து மீண்டபின் சூசையப்பர் வாழ்வில் பெருநிகழ்ச்சிகள் இல்லை. பன்னிரண்டு வயது மகனைத் திருவிழாக் கூட்டத்தில் தவறவிட்டு மூன்று நாள் தேடுகிறார். கோயிலில் கண்டபோது மகன் சொன்ன விடை பெற்றோர் இருவர்க்கும் விளங்கவில்லை என்று லூக்கா எழுதுகிறார். அதன்பின் நற்செய்தி நூல்களில் அவர் வருவதில்லை. எப்போது இறந்தார் என்ற குறிப்பும் இல்லை. அந்த மௌனத்தை முனிவர் தம் கற்பனையாலும் திருச்சபை மரபாலும் நிரப்பி, நோயையும் இறப்பையும் பாடி, முடிசூட்டு படலத்தில் நூலை முடிக்கிறார். அரசர்களை மட்டுமே முடிசூட்டிப் பழகிய தமிழ்க் காப்பிய மரபில், மரச்சீவல் படிந்த தலையில் ஒரு முடி ஏறுகிறது. எனக்கு அம்முடியைவிட அதற்கு முன்னுள்ள ஆண்டுகளே பெரியனவாகத் தோன்றுகின்றன. கனவுகள் நின்றுபோன ஆண்டுகள் அவை. நற்செய்தி நூல்கள் காட்டும் அளவில், நாசரேத்துக்கு வந்தபின் அவருக்கு வானதூதர் தோன்றியதாகச் செய்தி இல்லை. ஏர் செய்து கொடுத்தார், கதவு செய்து கொடுத்தார், மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார் என்று நாம் ஊகிக்கலாம், அவ்வளவே.

கருணையன் புலம்பலைப் பாடநூல் அளவில் மட்டும் அறிந்த அன்பர்கள், அதன் முன்னும் பின்னுமுள்ள பாடல்களோடு சேர்த்துப் படிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். வட்டத்தின் அடுத்த திங்கள் கூட்டத்தில் அப்பகுதியை நாம் எல்லாரும் வாய்விட்டுப் படிப்போம். ஒப்பாரி மெட்டு அறிந்த தாய்மார் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களையும் அழைத்துவாருங்கள். விருத்தப்பா எந்த இடத்தில் அம்மெட்டுக்கு இசைந்து கொடுக்கிறது, எந்த இடத்தில் மறுக்கிறது என்று அவர்கள் பாடித்தான் நான் அறியவேண்டும்.